ஆவணக் கலைச்சொல் பட்டியலைச் சரிபார்க்க வந்திருக்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கட்டற்ற மென்பொருளின் கையேட்டைத் தமிழில் கொண்டுவர நாலைந்து பேர் சேர்ந்தால் முதலில் உருவாவது ஒரு விரிதாள்தான். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ச் சொல். "பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்" என்று அதை நாலு பேருக்கு அனுப்புவார்கள். கையில் வாங்கியவர்களுக்கோ எதைப் பார்ப்பது, எப்படிச் சொல்வது என்று தெரியாது. "அருமை" என்று ஒரு வரி எழுதுவார்கள், இல்லையென்றால் பிடிக்காத ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இரண்டிலும் பட்டியல் தேறாது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்? சொல் நன்றாக இருக்கிறதா என்றா?

அதைக் கடைசியில் பார்க்கலாம். வெவ்வேறு பொருளுக்கு வெவ்வேறு சொல் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கையேடு படிக்கிறவர் முனையத்தை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வரி படித்து ஒரு வரி தட்டச்சு செய்கிறார். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மென்பொருளை நிறுவும் கருவி ஏபிடி. 'ஏபிடி அப்டேட்' என்று கொடுத்தால், எந்தப் பொதி (பேக்கேஜ்) எந்தப் பதிப்பில் கிடைக்கிறது என்ற பட்டியல் மட்டும் புதிதாக வந்து இறங்கும். ஏற்கெனவே நிறுவியிருக்கும் மென்பொருள் எதுவும் மாறாது. 'ஏபிடி அப்கிரேட்' கொடுத்தால்தான் புதிய பதிப்புகள் நிறுவப்படும். பட்டியலில் இரண்டுக்கும் 'புதுப்பித்தல்' என்று போட்டிருந்தால், கையேட்டில் "புதுப்பித்த பின் புதுப்பிக்கவும்" என்று ஒரு வாக்கியம் வரும். படித்தவர் முதல் கட்டளையோடு நிறுத்திவிட்டு, பாதுகாப்புத் திருத்தங்கள் எல்லாம் வந்துவிட்டன என்று நிம்மதியாக இருப்பார். அப்டேட்டுக்குப் 'புதுப்பி', அப்கிரேட்டுக்கு 'மேம்படுத்து' என்று பிரித்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. இவை இரண்டும் கவித்துவமான சொற்கள் இல்லை, ஆனால் வேலையைச் செய்கின்றன.

அதே கருவியில் 'ரிமூவ்', 'பர்ஜ்' என்று இன்னொரு ஜோடி உண்டு. முதலாவது மென்பொருளை எடுத்துவிட்டு, கணினி முழுமைக்குமான அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். இரண்டாவது அவற்றையும் சேர்த்து எடுத்துவிடும். பட்டியலில் இரண்டுக்கும் எதிரே 'நீக்கு' என்று இருந்தால், உங்கள் முதல் கருத்தை அங்கேயே எழுதிவிடலாம்.

ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தனித்தனி வரிசையில்தானே இருக்கின்றன? மோதல் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

விரிதாளைத் தமிழ்ச் சொற்கள் உள்ள நெடுவரிசையின்படி அகர வரிசைப்படுத்துங்கள். பட்டியல்கள் ஆங்கில அகர வரிசையில்தான் வரும். அதனால் ஒரே தமிழ்ச் சொல் மூன்று இடத்தில் இருப்பது யார் கண்ணிலும் படாது. தமிழ்ப்படி அடுக்கிய உடனே அவை பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதை மட்டுமாவது செய்யுங்கள்.

அப்படி அடுக்கினால் திரும்பத் திரும்ப அகப்படும் சொற்கள் சில உண்டு. முதலில் 'தொகு'. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தைத் திருத்தச் சொடுக்கும் இடத்தில் 'தொகு' என்றுதான் இருக்கிறது. எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலருக்குத் 'தொகுப்பி' என்றும் எழுதுகிறோம். பேக்கேஜுக்கும் பல பட்டியல்களில் 'தொகுப்பு' இருக்கும். இப்போது "மூல நிரலைத் தொகுத்தபின் தொகுப்பை நிறுவவும்" என்ற வரியைப் படியுங்கள். கோப்பைத் திறந்து மாற்றச் சொல்கிறார்களா, கம்பைல் செய்யச் சொல்கிறார்களா? மூலத்திலிருந்து மென்பொருளைக் கட்டும் கையேட்டில் இந்தக் குழப்பத்தோடு ஒரு அடி நகர முடியாது. எடிட்டுக்குத் 'திருத்து', பேக்கேஜுக்குப் 'பொதி', 'தொகு' கம்பைலுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது என் விருப்பம். வேறு மாதிரியும் பிரிக்கலாம், பிரித்தால் சரி.

அடுத்தது 'செயலி'. நுண்செயலி என்று புராசசருக்குச் சொல்லிவந்த சொல்லை, கைப்பேசி வந்த பிறகு ஆப்புக்கு மக்கள் எடுத்துக்கொண்டார்கள். "இந்தச் செயலி இயங்க இரண்டு செயலிகள் தேவை" என்றால் எது எது என்று யாருக்குத் தெரியும்? மக்கள் பேச்சில் வென்ற பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பேன். ஆப்புக்குச் செயலி இருக்கட்டும், சிபியூவுக்குப் பள்ளிப் பாடநூலில் உள்ள 'மையச் செயலகம்' இருக்கிறது.

'நிரல்' இன்னும் நுட்பமானது. கணக்குப் புத்தகத்தில் அணிகளைப் படித்த எல்லாருக்கும் நிரை, நிரல் தெரியும். அங்கே நிரல் என்றால் மேலிருந்து கீழாகப் போகும் வரிசை. நமக்கோ நிரல் என்றால் புரோகிராம். தனித்தனியே இருக்கும்வரை சிக்கல் இல்லை. லிப்ரே ஆபிஸ் கால்க் போன்ற விரிதாள் மென்பொருளின் கையேட்டுக்கு வரும்போது இரண்டும் ஒரே பக்கத்தில் சந்திக்கும். ஏனென்றால் அங்கே வரிசைகளும் உண்டு, அவற்றின்மேல் ஓடும் மேக்ரோ நிரல்களும் உண்டு. விரிதாளில் 'நெடுவரிசை' என்று எழுதினால் தீர்ந்தது.

'சார்பு' என்பதையும் பாருங்கள். கணிதத்தில் அது ஃபங்ஷன். பொதி மேலாண்மையில் டிபென்டன்சி, அதாவது ஒரு பொதி இயங்கத் தேவைப்படும் மற்றொரு பொதி. கோப்புப் பாதையில் 'சார்புப் பாதை' என்றால் ரிலேட்டிவ் பாத், இப்போது இருக்கும் கோப்புறையிலிருந்து எழுதும் பாதை. பைத்தான் என்ற நிரல்மொழியின் கையேடு ஒன்றில் இந்த மூன்றும் கட்டாயம் வரும். தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல்கள் ஃபங்ஷனுக்குச் 'செயற்கூறு' என்று எழுதுகின்றன. மாணவர்களுக்கு ஏற்கெனவே பழகிய சொல் என்பதால் அதை எடுத்துக்கொள்வது நல்லது.

'பதிவு' பற்றித் தனியாகவே எழுதலாம். லாக், ரெக்கார்டு, ரெஜிஸ்டர், போஸ்ட் நான்கும் அங்கேதான் குடியிருக்கும்.

ஆங்கிலத்திலேயே ஒரு பொருளுக்கு மூன்று சொல் இருந்தால் தமிழிலும் மூன்று வேண்டுமா?

வேண்டாம். பெயரை ஒதுக்கி வைத்துவிட்டுப் பொருளை எண்ணுங்கள். கோப்புகளில் நடக்கும் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளில், அடுத்த கமிட்டில் (ஒருமுறை சேர்த்துப் பதிந்து வைக்கும் மாற்றங்களில்) சேர வேண்டியவற்றை எடுத்து வைக்கும் இடத்துக்கு இன்டெக்ஸ், ஸ்டேஜிங் ஏரியா என்று இரண்டு பெயர், கேஷ் என்று ஒரு பழைய பெயர். 'கிட் டிஃப்' கட்டளைக்கு 'கேஷ்டு' என்றும் 'ஸ்டேஜ்டு' என்றும் இரண்டு விருப்புகள் (கட்டளையோடு சேர்த்துத் தட்டும் ஆப்ஷன்கள்) இருக்கின்றன, இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். வரலாற்றில் சேர்ந்துபோன பெயர்கள் இவை. தமிழில் ஒரே பதிவாக வைத்து, மற்ற பெயர்களுக்கு எதிரே "இதைப் பார்க்க" என்று எழுதினால் போதும். கலைச்சொல் வேலைக்கான ஐஎஸ்ஓ 704 தரமும் இதைத்தான் சொல்கிறது. கருத்திலிருந்து தொடங்கு, சொல் அப்புறம்.

தலைகீழ் நிலையும் உண்டு. பேச்சில் ஒன்றாகத் தோன்றுபவை கையேட்டில் இரண்டாக இருக்கும். பைத்தான் ஆவணத்தின் சொல்லடைவு பாராமீட்டரையும் ஆர்குமென்ட்டையும் தனித்தனியே வரையறுக்கிறது. செயற்கூறின் வரையறையில் நிற்கும் பெயர் முன்னது, அதை அழைக்கும்போது நாம் கொடுக்கும் மதிப்பு பின்னது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஆதென்டிகேஷனும் ஆதரைசேஷனும். "நீ யார்" என்று உறுதிசெய்வது ஒன்று, "உனக்கு இதைச் செய்ய அனுமதி உண்டா" என்று பார்ப்பது மற்றொன்று. தமிழில் இரண்டையும் 'அங்கீகாரம்' என்று எழுதிவிடுகிறார்கள். உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையில், பிழையைச் சொல்லும் 401 என்ற எண்ணுக்கு ஆங்கிலப் பெயரே 'அன்ஆதரைஸ்டு' என்று இருக்கிறது. அது உண்மையில் சொல்வது, அடையாளம் உறுதியாகவில்லை என்பதை. அடையாளம் தெரிந்தும் அனுமதி இல்லையென்றால் வருவது 403. மூலத்திலேயே பெயர் வழுக்கும் இடத்தில் தமிழ்ப் பட்டியல் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 'அடையாள உறுதிப்பாடு', 'அனுமதி வழங்கல்' என்று நீளமாக எழுதினாலும் பரவாயில்லை.

வரையறையை எப்படிச் சோதிப்பது?

கையேட்டிலிருந்து உண்மையான ஒரு வாக்கியத்தை எடுத்து, சொல் இருக்கும் இடத்தில் வரையறையை வைத்துப் படியுங்கள். பொருள் நின்றால் வரையறை சரி. "களஞ்சியம்: களஞ்சியப்படுத்திய கோப்புகள் உள்ள இடம்" என்பது சொல்லையே சொல்லிச் சுற்றுகிறது, அதைத் திருப்பி அனுப்புங்கள். "ஒரு திட்டத்தின் கோப்புகளும் அவற்றில் நடந்த மாற்றங்களின் முழு வரலாறும் சேர்ந்து இருக்கும் இடம்" என்றால் புதியவருக்கும் புரிகிறது.

வரையறையே இல்லாத பட்டியல் வந்தால் சரிபார்க்க ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பொருளில் கேட்கிறார்கள் என்று தெரியாமல் சொல்லைச் சரி, தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. நான் சரிபார்க்கலாமா?

தாராளமாக. வரையறை புரிகிறதா என்பதை உங்களைவிட நன்றாக யாரும் சோதிக்க முடியாது. ஏற்கெனவே தெரிந்தவர் கண்ணுக்கு எல்லா வரையறையும் புரியத்தான் செய்யும்.

பெயர்ச்சொல், வினைச்சொல் என்று ஒரு நெடுவரிசை இருக்கிறதே, அது அவசியமா?

மிகவும் அவசியம். கமிட், பில்ட், லாக் எல்லாம் ஆங்கிலத்தில் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். தமிழில் வடிவம் மாறும். அதோடு, தமிழில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதும் சொல்லில் தெரியும். திரையில் உள்ள பொத்தான் நாம் கணினிக்கு இடும் கட்டளை, அதனால் 'சேமி'. கையேடு வாசகரிடம் பேசுகிறது, அதனால் 'சேமியுங்கள்' அல்லது 'சேமிக்கவும்'. தலைப்பில் வந்தால் 'சேமித்தல்'. பட்டியலில் வேர்ச்சொல்லை மட்டும் போட்டுவிட்டுப் போனால், பத்து மொழிபெயர்ப்பாளர்கள் பத்து விதமாக எழுதுவார்கள், வாசகரை "சேமி" என்று அதட்டும் பக்கங்களும் வரும். மூன்று வடிவங்களும் பதிவில் இருக்கட்டும்.

தமிழாக்கமா, ஒலிபெயர்ப்பா?

இதற்குத்தான் சண்டை அதிகம். எனக்கு இரண்டு பக்கத்திலும் நண்பர்கள் உண்டு, இரண்டு பக்கமும் தமிழின்மேல் உள்ள அக்கறையால்தான் பேசுகிறது. மென்பொருள், உலாவி, கடவுச்சொல், கோப்பு எல்லாம் இன்று யாரும் யோசிக்காமல் எழுதும் சொற்கள். அவையும் ஒருநாள் பட்டியலில் புதிதாக நின்றவைதான். எனவே புதுச் சொல் என்பதற்காகவே ஒன்றைத் தள்ளக் கூடாது. அதேநேரம் கிட்டின் கமிட்டை 'உறுதிசெய்' என்று எழுதினால், 'கன்ஃபர்ம்' பொத்தானோடு மோதுகிறது. அங்கே 'கமிட்', 'கமிட் செய்' என்றே இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

சொல்லைத் தேர்வதற்கு முன் அதை வளைத்துப் பாருங்கள். வேற்றுமை உருபு ஏறுகிறதா, பன்மை வருகிறதா, வினையாகிறதா, இன்னொரு சொல்லோடு சேர்ந்து தொடராகிறதா என்று பாருங்கள். சர்வருக்கு 'வழங்கி' நல்ல சொல், 'வழங்கியில்', 'வழங்கிகளுக்கு' என்று இலகுவாக வளைகிறது. ஆனால் லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷனுக்கு 'வழங்கல்' என்ற சொல்லும் புழக்கத்தில் இருப்பதால் "வழங்கி வழங்கல்" என்ற தொடர் பிறக்கும். அதற்காகச் 'சேவையகம்' எடுக்கிற குழுக்கள் உண்டு. அது நியாயமான காரணம்.

ஒலிபெயர்ப்பு என்று முடிவானால் எழுத்துக்கூட்டல் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். சர்வர், ஸர்வர், செர்வர் என்று மூன்றும் கையேட்டில் கிடந்தால் தேடுகிறவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பதைச் சொல்லுக்குச் சொல் வாதாடாமல், பட்டியலின் தலையில் ஒரே விதியாக எழுதிவிடச் சொல்லுங்கள்.

எவற்றை மொழிபெயர்க்கவே கூடாது?

கட்டளைகள், விருப்புக் குறிகள், கோப்புப் பாதைகள், சூழல் மாறிகள், நிரல்மொழியின் குறிச்சொற்கள். தட்டச்சு செய்ய வேண்டியதை மொழிபெயர்த்தால் அது வேலை செய்யாது. திட்டங்களின் பெயர்களும் அப்படியே இருக்கட்டும். வெப்லேட் என்ற இணைய மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தும் குழுக்கள் சொல்லடைவிலேயே ஒரு சொல்லை 'மொழிபெயர்க்கக் கூடாதது' என்றும், ஒரு மொழிபெயர்ப்பைத் 'தடைசெய்தது' என்றும் குறிக்கலாம். இரண்டாவது வசதியைப் பலரும் பயன்படுத்துவதில்லை. பழைய தவறான சொல் திரும்பத் திரும்ப உள்ளே வருவதைத் தடுக்க அது நல்ல வழி.

மென்பொருளின் இடைமுகம் ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறது. பட்டியல் அதைவிட நல்ல சொல்லைத் தருகிறது. எதை எடுப்பது?

இடைமுகத்தில் இருப்பதை. "அமைப்புகளைச் சொடுக்கவும்" என்று கையேடு சொல்லி, திரையில் வேறு சொல் இருந்தால் வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். சொல்லை மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் இடைமுகத்தின் மொழிபெயர்ப்பு இருக்கும் பிஓ கோப்பில் மாற்றவைத்து, அந்தப் பதிப்பு வெளிவந்த பிறகு கையேட்டில் மாற்றுங்கள்.

தமிழர்களில் மிகப் பலர் இடைமுகத்தை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு கையேட்டை மட்டும் தமிழில் படிக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களுக்காகப் பொத்தானின் பெயர் திரையில் தெரிகிறபடியே ஒருமுறையாவது பக்கத்தில் வர வேண்டும். அதை எப்படி எழுதுவது என்பதும் பட்டியலோடு சேர்ந்த முடிவுதான்.

சொல்லைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். கருவி "சொல்லடைவைப் பின்பற்றவில்லை" என்கிறது. ஏன்?

வெப்லேட்டில் சொல்லடைவோடு ஒப்பிடும் சோதனை எழுத்துக்கு எழுத்துதான் ஒப்பிடும். 'களஞ்சியம்' என்பது வாக்கியத்தில் 'களஞ்சியத்தில்' ஆகிறது. கடைசி 'ம்' போய் 'த்து' வந்துவிட்டதால், பட்டியலில் உள்ள எழுத்துச்சரம் வாக்கியத்தில் இல்லவே இல்லை. 'கோப்பு' என்பது 'கோப்பை' ஆனாலும் இதே கதைதான். உகரம் போய் ஐகாரம் வந்துவிட்டது. உருபு ஏறும் மொழிக்கு இந்தச் சோதனை அப்படியே பொருந்தாது. எச்சரிக்கையை நிறுத்துவதற்காக "களஞ்சியம் இல்" என்று பிரித்து எழுதும் வழக்கம் சில மொழிபெயர்ப்புகளில் வந்துவிட்டது. தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். கருவிக்காகத் தமிழை உடைக்க வேண்டியதில்லை, சோதனையை அணைத்துவிடலாம். சரிபார்ப்பவர் தேடும்போது 'களஞ்சிய' என்று வேற்றுமைக்கு முன்பு வரை மட்டும் கொடுத்துத் தேடினால் எல்லாம் அகப்படும்.

யூனிகோடு தரும் தொல்லையும் உண்டு. 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் தட்டலாம், இரண்டு குறிகளாகவும் தட்டலாம். பார்க்க ஒன்றுபோல இருக்கும். தரப்படுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதால் இதைச் சமாளிக்கலாம். 'மௌஸ்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் போட்டு எழுதியிருந்தால் எந்தத் தரப்படுத்தலும் உதவாது. கணினிக்கு அது வேறு சொல். பட்டியலில் ஔகாரம் வரும் எல்லாச் சொல்லையும் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது, பொதுவாகச் சில சொற்களே இருக்கும்.

அப்புறம் அகர வரிசை. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்து இருக்கிறது, ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் இருக்கிறது. குறி எண்ணின்படி வரிசைப்படுத்தினால் நாம் பள்ளியில் படித்த வரிசை வராது, னகரம் கடைசியில் வராது. அச்சிடும் சொல்லடைவு என்றால் தமிழுக்கான வரிசை விதிகளைப் பயன்படுத்தினார்களா என்று கேளுங்கள்.

இலங்கைத் தமிழுக்குத் தனிப் பட்டியல் வேண்டுமா?

முழுதும் தனியாக வேண்டியதில்லை. பெரும்பாலான சொற்கள் பொதுவானவை. கணினி, கணனி என்றும், பதிவிறக்கம், தரவிறக்கம் என்றும் சில இடங்களில் வழக்கு பிரிகிறது. லினக்ஸில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி வட்டார அமைப்புகள் உண்டு. ஆனால் பல திட்டங்களில் தமிழுக்கு ஒரே மொழிபெயர்ப்புதான் இருக்கிறது. அப்படியென்றால் அந்த ஒன்று எல்லாருக்குமானது. சரிபார்ப்பவர்கள் எல்லாரும் சென்னையிலோ கோவையிலோ இருந்தால், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஒருவர் பார்க்கும்வரை பட்டியலை முடிக்காதீர்கள். அங்கே புழங்கும் சொல்லையும் பதிவில் மாற்று வடிவமாக எழுதி வையுங்கள், தேடும்போது உதவும்.

உரிமம் தொடர்பான சொற்களில் என்ன கவனிக்க வேண்டும்?

இங்கே பிழை வந்தால் அது சட்டப் பிழை. காப்பிரைட்டுக்குப் 'பதிப்புரிமை', பேட்டன்டுக்குக் 'காப்புரிமை' என்பது சரியான பிரிவு. செய்திகளில் இரண்டையும் காப்புரிமை என்றே எழுதுவதால் மொழிபெயர்ப்பாளர்களும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். அப்பாச்சி உரிமம் 2.0 பதிப்புரிமைக்கு ஒரு பிரிவும் காப்புரிமைக்கு அடுத்த பிரிவும் வைத்திருக்கிறது. ஒரே சொல்லை வைத்து அதை எப்படி விளக்குவது?

'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்பதற்கு 'இலவச மென்பொருள்' என்று இருந்தால் அதையும் திருத்துங்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தது முதல் அந்த இயக்கம் பேசுவது விலையை அல்ல, சுதந்திரத்தை. தமிழில் 'கட்டற்ற' என்ற சொல் அதைத் தெளிவாகவே சொல்கிறது. 'ஓப்பன் சோர்ஸ்' 1998-இல் வந்த வேறு பெயர், அதற்குத் 'திறந்த மூல' இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம், இரு தரப்பும் அவற்றை வேறுபடுத்தித்தான் பேசுகின்றன.

ஜிபிஎல் உரிமத்தின் தமிழாக்கம் இருந்தாலும் சட்டப்படி செல்லுவது ஆங்கில மூலம்தான் என்பதைக் கையேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே உள்ள பட்டியல்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துப் பார்க்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொற்கள், தமிழ்நாடு அரசின் சொற்குவை, தமிழ் விக்சனரி, அடிக்கடி வரும் இடைமுகச் சொற்களைத் தரப்படுத்த உருவான ஃபியூயல் திட்டத்தின் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. ஏற்கெனவே நல்ல சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று செய்வது வாசகருக்குச் சுமைதான்.

தனிச் சொல்லை எடுப்பதில் பொதுவாகச் சிக்கல் வராது. வரையறைகளையும் பட்டியலையும் மொத்தமாக அள்ளுவது வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, தொகுப்புகளையும் இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. விக்சனரியின் உரை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், பெயர் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற நிபந்தனையோடு இருக்கிறது. உங்கள் கையேட்டின் உரிமம் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

'எசமான்–அடிமை' (மாஸ்டர், ஸ்லேவ்) போன்ற பழைய சொற்கள் வந்தால்?

மாற்றச் சொல்லுங்கள். மூலத்திலேயே மாறிவிட்டது. பைத்தான் 2018-இல் மாற்றத் தொடங்கியது. 2020 ஜூலையில் வந்த கிட் 2.28, புதுக் களஞ்சியத்தின் தொடக்கக் கிளைக்கு 'மாஸ்டர்' என்பதற்குப் பதிலாக வேறு பெயரைப் பயனரே அமைத்துக்கொள்ள வழிசெய்தது. 'முதன்மை', 'நகல்' என்று எழுதினால் தரவுத்தளத்தில் என்ன நடக்கிறது என்பதும் கூடுதலாகப் புரிகிறது. கருப்புப் பட்டியலுக்குத் 'தடைப் பட்டியல்', வெள்ளைப் பட்டியலுக்கு 'அனுமதிப் பட்டியல்'. அடிமை என்ற சொல் எத்தனை தலைமுறைகளின் வலியைச் சுமக்கிறது என்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை.

எந்திரம் மொழிபெயர்த்த பட்டியல் என்று சந்தேகம் வந்தால்?

எதில் செய்தார்கள் என்று விசாரிப்பதைவிட, முன்பு சொன்ன தமிழ் வரிசைப்படுத்தலைச் செய்யுங்கள். நாலைந்து ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் நிற்பது அங்கே உடனே தெரியும். எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் கேளுங்கள். உண்மையான கையேட்டிலிருந்து வாக்கியம் எடுத்துக் கொடுத்தவர் யோசித்திருக்கிறார் என்று நம்பலாம்.

என் கருத்தை எப்படி எழுதுவது?

"எனக்குப் பிடிக்கவில்லை" என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதை வைத்துப் பட்டியல் எழுதியவர் எதுவும் செய்ய முடியாது. எந்த வாக்கியத்தில் சொல் தடுக்குகிறது, ஏன், பதிலாக என்ன, இவ்வளவும் வேண்டும். இப்படி எழுதலாம்:

"பாத் என்பதற்குப் 'பாதை' சரி. 'சார்புப் பாதை' என்ற தொடரில் உள்ள 'சார்பு', டிபென்டன்சிக்கும் வருகிறது. நிறுவல் கையேட்டில் 'சார்புகளின் சார்புப் பாதை' என்று ஒரு வரி வர வாய்ப்புண்டு. டிபென்டன்சிக்குத் 'தேவைப் பொதி' என்று வைக்கலாமா?"

படிக்கிறவருக்கு ஏற்கவும் மறுக்கவும் இதில் பிடி இருக்கிறது. நன்றாக இருக்கும் சொற்களையும் குறிப்பிடுங்கள். வெறும் மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எதைத் தொட வேண்டாம் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒத்துப்போக முடியாவிட்டால் யார் முடிவு செய்வது?

திட்டத்தின் தமிழ் ஒருங்கிணைப்பாளர் அல்லது ஆவணப் பொறுப்பாளர். அதற்கு முன் அப்பாச்சி என்ற மென்பொருள் அமைப்பின் திட்டங்களில் உள்ள ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே நிரல் மாற்றத்தை எதிர்த்து வாக்களிப்பவர் தொழில்நுட்பக் காரணம் சொல்ல வேண்டும், காரணமில்லாத எதிர்ப்பு செல்லாது. யாரும் எதிர்க்காவிட்டால் குறிப்பிட்ட நாள் கழித்து ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வார்கள். சொற்களுக்கும் இது பொருந்தும். இல்லையென்றால் அதிக நேரம் உள்ளவர் சொன்னதே முடிவாகிவிடும், வேலைக்குப் போய் வந்து இரவில் மொழிபெயர்ப்பவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அவர்களை இழந்தால் கையேடே வராது.

முடிவு எதுவானாலும் காரணத்தைப் பதிவிலேயே இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு வருகிறவர் அதே விவாதத்தை முதலிலிருந்து தொடங்குவார்.

பட்டியல் முடிவான பிறகு ஒரு சொல்லை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் செலவு உண்டு. பழைய பக்கங்களைத் திருத்த வேண்டும், இடைமுகத்தைத் திருத்த வேண்டும், பழைய சொல்லைத் தேடி வருகிறவர் வழி தவறக் கூடாது. பொருளைத் தவறாகக் காட்டும் சொல் என்றால் அந்தச் செலவைச் செய்தே ஆக வேண்டும். இன்னும் கொஞ்சம் அழகான சொல் கிடைத்துவிட்டது என்பதற்காக வேண்டாம். மாற்றும்போது பழைய சொல்லை அழிக்காமல் 'தவிர்க்க' என்ற குறியோடு வைத்து, புதிய சொல்லுக்கு இணைப்புக் கொடுங்கள். ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியில் எழுதும் கையேடு என்றால் சொற்களைச் சொல்லடைவோடு இணைத்து எழுதும் வசதி இருக்கிறது. பட்டியலில் பழைய சொல்லை வைத்திருந்தாலும் கையேட்டின் சொல்லடைவிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே இல்லாத சொல்லைச் சுட்டினால் கையேட்டைக் கட்டும்போது கருவி எச்சரிக்கும், மாற்றாமல் விடுபட்ட பக்கங்கள் எவை என்று அந்த எச்சரிக்கைகளிலிருந்தே தெரிந்துவிடும்.